யாரைக் கேட்டு எடுத்தீங்க?

வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கறுப்பு அட்டை, நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்த அந்தக் காலத்து ரகம். நீங்கள் நாற்பதைத் தாண்டியவர் என்றால், உங்களுடைய முதல் படம் எத்தனையாவது மாசத்தில் எடுத்தது என்று பாருங்கள். அநேகமாக ஆறாம் மாசம் அல்லது முதல் பிறந்த நாள். ஸ்டுடியோ மேஜையில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கியிருப்பீர்கள். கன்னத்தில் ரூபாய் அளவுக்கு மைப்பொட்டு. அரைஞாண் கயிறு தவிர உடம்பில் வேறொன்றும் இருக்காது. கேமராவுக்குப் பின்னால் யாரோ கிலுகிலுப்பை ஆட்டியிருப்பார்கள், அந்தத் திகைப்பு முகத்தில் தெரியும்.

பிறந்து பத்து நாளில் எடுத்த படம்? இருக்காது. பெரும்பாலான வீடுகளில் இல்லை.

செலவு ஒரு காரணம். ஒரு ரோலுக்கு 36 படம், அதைக் கழுவிப் பிரிண்ட் போடத் தனிக் காசு. ஆனால் காசு இருந்த வீட்டிலும் எடுக்கவில்லை. ‘பச்சப்புள்ளைய போட்டோ புடிக்காதீங்க, ஆயுசு கொறையும்’ என்று ஒரு பாட்டி தடுத்திருப்பார். மூடநம்பிக்கைதான். ஆனால் எந்தக் காலத்து மூடநம்பிக்கை என்பதையும் பார்க்க வேண்டும். 1971-ல் இந்தியாவில் 1,000 குழந்தைகள் பிறந்தால் அதில் 129 குழந்தைகள் முதல் பிறந்த நாளைப் பார்க்காமல் போயின. எட்டுக்கு ஒன்று. அப்படிப் பறிகொடுத்த வீட்டில் பிரசவத்துக்கு முன்னால் புதுத்துணி வாங்க மாட்டார்கள். பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். பேர் வைக்கக்கூட அவசரப்பட மாட்டார்கள். ‘தங்குமா என்று தெரிந்த பிறகு கொண்டாடலாம்’ என்ற பயம் அது. அந்தப் பயம்தான் போட்டோவையும் தடுத்தது.

2023 கணக்குப்படி அந்த 129, 25 ஆகக் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் 12. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், கிராமத்து நர்ஸம்மாக்கள் என்று பலர் சேர்ந்து செய்த சாதனை. பயம் விலகிய இடத்தில் கேமரா வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்குக் குழந்தை வெளியே வந்த அஞ்சாவது நிமிஷம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதன் முகம் வந்துவிடுகிறது. தாத்தா பார்ப்பதற்கு முன்னால் டொராண்டோவில் இருக்கும் சித்தப்பாவின் ஆபீஸ் நண்பர் பார்த்துவிடுகிறார்.

இதில் தப்பென்ன என்று கேட்பீர்கள். தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டியின் தடைக்குள் ஒரு கேள்வி இருந்தது. இந்தக் குழந்தையை யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம், அதை யார் தீர்மானிப்பது? பயம் போனதோடு அந்தக் கேள்வியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டோமோ என்பதுதான் என் சந்தேகம்.

*

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் சென்னையில் கல்யாண போட்டோகிராபராக இருந்தார். எட்டு வருஷம் தாலி கட்டுவதை எடுத்துச் சலித்துப்போய், பச்சிளம் குழந்தைகளைப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். இப்போது அது ஒரு தனித் தொழில். குழந்தையைக் கூடையில் தூங்கவைத்து, தலையில் கம்பளிக் குல்லா போட்டு, பூ வைத்து எடுக்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த பாணியை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெட்டிஸ். முட்டைக்கோஸுக்குள் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து அவர் 1991-ல் எடுத்த படம் வாழ்த்து அட்டை, காலண்டர் என்று நம்மூர்ச் சுவர் வரைக்கும் வந்தது. 1996-ல் வந்த அவருடைய ‘டவுன் இன் த கார்டன்’ புத்தகத்தில் குழந்தைகள் பூவாகவும் பூச்சியாகவும் படுத்திருப்பார்கள்.

‘‘எத்தனை நாள்ல கத்துக்கிட்டீங்க தம்பி?’’ என்று கேட்டேன்.

‘‘கேமராவுல புதுசா கத்துக்க ஒண்ணுமில்லை சார். முதல் மூணு மாசம் கேமராவையே தொடலை. குழந்தை வெயிட்டுக்கு ஒரு பொம்மை வாங்கி, துணி சுத்தறது, தூக்கறது, படுக்க வைக்கிறது, இதைத்தான் பழகினேன். என் சம்சாரம் சிரிச்சுது.’’

யோசித்துப் பார்த்தால் இதுதான் சரியான வரிசை என்று தோன்றுகிறது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. அதைத் தாங்குகிற வலு கழுத்துக்கு இல்லை. சின்னச் சத்தம் கேட்டாலும் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடும். வீட்டில் ‘தூக்கிப் போடுது’ என்பார்களே, அதுதான். துணியால் இதமாகச் சுற்றினால் அந்தத் திடுக்கிடல் அடங்கும். தன் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட அதற்கு இன்னும் சரியாகத் தெரியாது. அதனால் ஏ.சி. கிடையாது. ஏப்ரல் மாசத்துச் சென்னையில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் வேலை. ‘‘எனக்கு வேர்த்தா குழந்தைக்கு இதமா இருக்குன்னு அர்த்தம் சார்’’ என்றார்.

பிறந்த அஞ்சாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அப்போதுதான் குழந்தை வயிற்றுக்குள் இருந்த மாதிரியே சுருண்டு, அயர்ந்து தூங்கும். ஜன்னல் வெளிச்சம் போதும். ஆனால் அது தலைப்பக்கத்திலிருந்து கால் பக்கம் விழ வேண்டும். காலடியிலிருந்து மேலே போனால், டார்ச்சை மோவாய்க்குக் கீழே வைத்து பயமுறுத்துவோமே, அந்த முகம் வந்துவிடும். நாலு மணி நேரத்தில் கேமரா வேலை செய்வது மொத்தம் இருபது நிமிஷம். மிச்ச நேரம் பால் குடிப்பதும், துணி மாற்றுவதும், தூங்கக் காத்திருப்பதும். கல்யாணத்தில் போட்டோகிராபர் சொன்னால் மாப்பிள்ளை திரும்புவார். புரோகிதரே நிறுத்தி மறுபடி கட்டச் சொல்லுவார். இங்கே மூன்று கிலோ முதலாளி கண்ணைத் திறந்தால் எல்லோரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

*

இதில் எனக்கு முதலில் சிக்கலாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. தவளை போஸ் என்று ஒன்று எடுக்கிறார்கள். குழந்தை இரண்டு உள்ளங்கையிலும் மோவாயைத் தாங்கிக்கொண்டு, பெரிய தத்துவஞானி மாதிரி கண்மூடி உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்கள் சொக்கிப்போவார்கள்.

அந்தப் படம் உண்மையில் இரண்டு படம். ஒன்றில் உதவியாளர் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார். இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, பிடித்திருந்த கைகளை அழித்துவிடுவார்கள். குழந்தை ஒரு நொடிகூடத் தன் தலையைத் தானே தாங்கவில்லை. தாங்கவும் முடியாது.

அப்படியானால் அது பொய்யா? பொய்தான். ஆனால் குழந்தையின் கழுத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய். உண்மையாகவே எடுக்க முயன்றால்தான் ஆபத்து. தத்துவ வகுப்பில் உண்மை எப்போதும் உயர்ந்தது என்பார்கள். இங்கே உண்மையான படம் கொடுமை, பொய்யான படம் கருணை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. படத்தைப் பார்த்த யாரோ ஓர் அப்பா, மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு, தன் எட்டு நாள் குழந்தையின் கையைத் தூக்கி மோவாய்க்குக் கீழே முட்டுக்கொடுக்கப் பார்க்கிறார். அழிக்கப்பட்ட அந்த இரண்டு கைகள் அவருக்குத் தெரியாது. நல்ல நோக்கத்தில் சொன்ன பொய் இன்னொரு வீட்டுக் குழந்தையின் கழுத்துக்கு வினையாகிறது.

நம் இளைஞர் அந்தப் படத்தைக் கொடுக்கும்போது, கைகள் தெரிகிற அசல் படத்தையும் கூடவே கொடுக்கிறார். ‘‘அசல்ல உங்க வீட்டுப் பாட்டியோட கைதான் தலையைப் பிடிச்சிருக்கு. அதான் நல்ல படம். பின்னாடி அதைத்தான் தேடுவீங்க’’ என்பாராம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. குழந்தை தானாக நிற்கிற மாதிரி காட்டுகிற படத்தைவிட, எத்தனை பேர் தாங்கியதால் நின்றது என்று காட்டுகிற படம் பெரிசு.

இன்னொரு படம் எல்லா ஆல்பத்திலும் உண்டு. அப்பாவின் ஆள்காட்டி விரலைக் குழந்தை இறுகப் பிடித்திருக்கும். அந்தப் பிடிக்கும் பாசத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறது மருத்துவம். உள்ளங்கையில் எது பட்டாலும் மூடிக்கொள்ளும், பென்சிலைக் கொடுத்தாலும் அதே பிடிதான். தூக்கத்தில் வருகிற சிரிப்பும் அப்படித்தான். ஆளைப் பார்த்துச் சிரிக்க ஒன்றரை, இரண்டு மாசம் ஆகும். நம் பாட்டிகளுக்கு இது தெரிந்தே இருந்தது. தூக்கத்தில் சிரித்தாலோ சிணுங்கினாலோ ‘நரி விரட்டுது’ என்றார்களே தவிர, ‘என்னைப் பார்த்துச் சிரிக்குது’ என்று உரிமை கொண்டாடவில்லை. படத்தில் இருக்கும் பாசம் முழுக்க அந்த விரலுக்குச் சொந்தக்காரருடையது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. பதிலுக்கு ஒன்றும் தர முடியாத ஓர் உயிரிடம் ஒரு மனுஷன் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறான், வேறென்ன வேண்டும்?

*

படம் எடுத்த பிறகுதான் பெரிய வம்பு.

பிறந்த குழந்தைக்குத் தோல் உரியும். மூக்கில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்குக் காமாலை மஞ்சள் இருக்கும். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் சரிசெய்வார்கள். எது வரைக்கும் செய்யலாம்? அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பத்து நாளில் தானாகப் போகப்போவதை எடுத்துவிடலாம். கூடவே வரப்போவதைத் தொடக் கூடாது. மூக்குப் புள்ளி போகலாம், மச்சம் இருக்கணும்.

இது நல்ல கணக்கு. இதற்குச் சோதனை வந்தது ஒரு வீட்டில். படத்தைத் திரையில் காட்டியபோது பாட்டி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, ‘‘தம்பி, கொஞ்சம் கலர் ஏத்திடுங்க. பொம்பளைப் புள்ள பாருங்க’’ என்றாராம்.

அந்தப் பாட்டியைத் திட்டிப் பயனில்லை. அவர் வாழ்ந்த ஊரில் அந்த நிறத்துக்கு என்ன விலை கேட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்த கேள்வி நிறம்தான். இப்போது சிவப்பாக இருந்தாலும் நம்ப மாட்டார்கள். காது மடலின் நுனியைப் பார்த்து ‘மாநிறமா வந்துடும்’ என்று ஜோசியம் சொல்லுவார்கள். பத்து நாளுக்குள் அந்தக் குழந்தை ஒரு பரீட்சை எழுதி ஃபெயிலாகிவிடுகிறது.

அவர் என்ன செய்தார் என்று கேட்டேன்.

‘‘ஏத்தலை சார். ‘பாட்டிம்மா, இந்தப் படத்தை இது பெரியவளாகிப் பார்க்கும். நான் பொறந்தப்ப சிவப்பா இருந்தேனே, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?’ன்னு கேட்டேன். அவங்க ஒண்ணும் பேசலை. குழந்தையோட அம்மா மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாங்க.’’

எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்தது. அவர் சமத்துவம் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. இருபது வருஷம் கழித்து வரப்போகிற ஒரு பெண்ணை அந்த அறைக்குள் கூட்டிவந்து, அவளையும் ஒரு ஆளாக மதித்து, ‘உனக்கு இது சம்மதமா?’ என்று கேட்டுவிட்டார். பச்சைக் குழந்தையைப் படம் எடுப்பதில் இருக்கும் அத்தனை நியாய அநியாயத்தையும் இந்த ஒரு கேள்வியால் அளந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

*

குழந்தையை எடுக்கக் கற்பதைவிடக் கஷ்டம், குடும்பத்தை எடுக்கக் கற்பது. அதிலும் அம்மாவை.

19-ம் நூற்றாண்டில் கேமரா மிக மெதுவாக வேலை செய்தது. படம் பதியப் பல நொடிகள் ஆகும், அதுவரை குழந்தை அசையக் கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் மேல் ஒரு கனத்த துணியைப் போர்த்தி, மடியில் குழந்தையை வைத்தார்கள். படத்தில் குழந்தை பளிச்சென்று இருக்கும். பின்னால் திரைச்சீலை போட்ட சோபா மாதிரி ஓர் உருவம், அதுதான் பெற்றவள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படி எடுத்த ஏராளமான படங்கள் இன்றும் இருக்கின்றன. ‘ஒளிந்திருக்கும் அம்மாக்கள்’ என்றே அவற்றுக்குப் பேர் வந்துவிட்டது.

இப்போது கேமரா ஒரு நொடியை ஆயிரமாக நறுக்குகிறது. துணி போர்த்த அவசியமில்லை. ஆனால் அம்மா தானாகவே ஒளிந்துகொள்கிறார். ‘‘என்னை எடுக்காதீங்க, குழந்தையை மட்டும் எடுங்க. நான் பார்க்க சகிக்கலை’’ என்கிறார். கண்ணுக்குக் கீழே கருவளையம், இறங்காத வயிறு, தலை வாரி மூணு நாள். தமிழில் இந்தப் பெண்ணுக்கு ஓர் அருமையான பேர் வைத்தார்கள், பச்சை உடம்புக்காரி. பிள்ளையும் பச்சை, பெற்றவளும் பச்சை. இரண்டு பேருக்கும் ஒரே காயம், ஒரே கவனிப்பு என்று அந்த வார்த்தை சொல்கிறது. கேமரா வந்ததும் ஒருத்தர் நட்சத்திரம், இன்னொருத்தர் லைட் பாய் ஆகிவிடுகிறார்.

பிறந்த குழந்தைக்கு இருபது, முப்பது சென்டிமீட்டர் தூரம் வரைதான் ஓரளவு துலக்கமாகத் தெரியும். அது கிட்டத்தட்ட மார்பிலிருந்து அம்மாவின் முகம் வரை உள்ள தூரம். அதற்கு வெளியே உலகம் வெறும் கலங்கல். குழந்தையின் கண்ணில் தெளிவாக விழுந்த முதல் முகம் அநேகமாக அதுதான். அந்த முகத்தை ஆல்பத்திலிருந்து விலக்கிவிட்டு, குழந்தை தன் வாழ்நாளில் கவனித்தே இராத கூடையையும் கம்பளியையும் வைத்திருப்பது விசித்திரம்தான். நம்ம இளைஞர் இப்போது கூடையைக் குறைத்துவிட்டார். அம்மாவின் பழம்புடவையில் தூளி கட்டி, தூளியை விலக்கிக் குனிந்து பார்க்கிற அம்மாவை எடுக்கிறார். அவருக்கு ‘போஸ்’ சொல்ல வேண்டியதில்லை, தினம் முப்பது தடவை செய்வதுதானே. இரண்டரை வயது அண்ணன் இருந்தால் அவனையும் துரத்துவதில்லை. தன் இடம் பறிபோன கோபத்தோடு அவன் ஓரமாக நிற்பதையும் எடுத்துவிடுகிறார். அதுவும் அந்த வாரத்து உண்மை.

*

எடுத்தாயிற்று. இனி யாருக்குக் காட்டுவது?

1991-ல் அமெரிக்காவில் நான்கு மாசக் குழந்தை ஒன்றை நீச்சல் குளத்தில், உடம்பில் துணியில்லாமல், படம் எடுத்தார்கள். பெற்றோருக்குக் கிடைத்தது இருநூறு டாலர். அந்தப் படம் நிர்வாணா இசைக் குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தின் அட்டையானது. கோடிக்கணக்கில் விற்றது. அந்தக் குழந்தை ஸ்பென்சர் எல்டன். வளர்ந்த பிறகு அவரே சில தடவை அதே மாதிரி நீரில் மிதந்து போஸ் கொடுத்தார். பிறகு 2021-ல், முப்பது வயதில், அந்தப் படத்தால் தனக்குக் கேடு விளைந்ததாக வழக்குப் போட்டார். 2022-ல் தள்ளுபடியானது. 2023-ல் மேல்கோர்ட் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2025-ல் மறுபடியும் தள்ளுபடி. சட்டத்தின் கண்ணில் அவர் தோற்றுவிட்டார். காசுக்காகத்தான் கேட்டார் என்று பேசியவர்களும் உண்டு. இருக்கட்டும். ஆனால் அவர் தரப்பில் ஒரு விஷயத்தை யாரும் மறுக்க முடியாது. உலகம் தன்னைப் பார்த்த முதல் பார்வையைத் தீர்மானிப்பதில் அவருக்கு ஒரு பங்கும் இருக்கவில்லை.

அது பெரிய கம்பெனி விவகாரம், நம் வீட்டுப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறீர்களா? பிரான்சில் 2024 பிப்ரவரியில் சாதாரணப் பெற்றோருக்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குழந்தையின் படத்தின் மேல் குழந்தைக்கு உரிமை உண்டு, தாயும் தகப்பனும் சேர்ந்து அதைக் காப்பாற்ற வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப குழந்தையையும் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. குழந்தைகளின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கை 1989-லேயே வந்துவிட்டது. இந்தியா அதை 1992-ல் ஏற்றது. ஆனால் சட்டம் வந்துதான் ஒரு தகப்பனுக்கு இது தெரிய வேண்டுமா? பிள்ளையின் பேரில் பாங்கில் போட்ட பணத்தை எடுத்துச் செலவழிக்க யோசிக்கிறோம். ‘அது அவளோடது, நான் கார்டியன்தான்’ என்கிறோம். அவள் முகத்துக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் பொருந்தக் கூடாது?

*

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அப்ப படமே எடுக்காதேங்கிறியா?’ என்று கேட்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டிய ஒரு படத்தைப் பற்றிச் சொல்லுகிறேன்.

2005-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு குழந்தை பிறந்து ஆறே நாளில் இறந்தது. பெற்றோர் ஒரு போட்டோகிராபரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துத் தங்கள் குழந்தையோடு இருந்த அந்தக் கடைசி நேரத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்தத் தாயும் அந்த போட்டோகிராபரும் சேர்ந்து ஓர் அமைப்பை ஆரம்பித்தார்கள். இறந்து பிறக்கும், பிறந்ததும் இறந்துபோகும் குழந்தைகளைப் பெற்றோரோடு சேர்த்துப் படம் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. போகிறவர்கள் தொண்டர்கள், காசு வாங்குவதில்லை.

கேட்டதும் நமக்கு ஒரு மாதிரியாக இருக்கும். நம்மூரில் அப்படிப்பட்ட குழந்தையைத் துணியில் சுற்றி, அம்மாவுக்குக் காட்டாமலே கொண்டுபோன வீடுகள் எத்தனையோ. ‘பார்க்காதம்மா, தாங்க மாட்டே’ என்றார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் ஒன்பது மாசம் சுமந்தவள், அறுபது வயதிலும், ‘அது யார் ஜாடையா இருந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாது’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரிடம் அந்த ஒரு படம் இருந்திருந்தால் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருப்பார். யாருக்கும் காட்டியிருக்க மாட்டார். அதற்கு ஒரு லைக்கும் விழுந்திருக்காது. ஆனாலும் அந்த வீட்டில் இருக்கும் படங்களிலேயே பெரிய படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஒரு படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கும் அது எவ்வளவு தேவை என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையைப் பார்ப்பதைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். தவழ்வது, தாலாட்டு, கைகொட்டுவது, முத்தம், நிலாவைக் கூப்பிடுவது என்று அழகு அழகாக வரும். ஆனால் இதற்கெல்லாம் முந்திய முதல் பருவத்துக்குப் பேர் காப்பு. தெய்வங்களே, இந்தக் குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று வேண்டிவிட்டுத்தான் அதன் அழகைப் பாடவே தொடங்குவார்கள். அதுவும் குழந்தைக்கு இரண்டு, மூன்று மாசமான பிறகு. நம் இளைஞர் பிள்ளைத்தமிழ் படித்தவரில்லை. ஆனால் மூணு மாசம் பொம்மையைத் தூக்கிப் பழகிவிட்டுக் கேமராவைத் தொட்டார் பாருங்கள், அதுவும் காப்புப் பருவம்தான்.

ஆகவே எடுங்கள். அம்மாவோடு, பாட்டியின் கையோடு, கோபித்துக்கொண்ட அண்ணனோடு எடுங்கள். நிறத்தை மாற்றாதீர்கள். நாலு படத்தைப் பேப்பரில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதி எழுதி, யார் யார் இருந்தார்கள், அன்றைக்கு மழையா வெயிலா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். ஊருக்குக் காட்டுவதைப் பிள்ளை வளர்ந்து தானே முடிவு செய்துகொள்ளட்டும். இருபது வயதில் ஒருநாள் அந்தக் கவரை அதன் கையில் கொடுத்தால் சிரிக்கலாம், அழலாம், ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் கிழித்தும் போடலாம். பேப்பரில் இருப்பதைத்தான் கிழிக்க முடியும்.